வெப்பமானியை எங்கை வைச்சனீர்? – ஒரு வெந்நீரூற்றுப் புழுவின் நிகழ்வு ஆய்வு

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மாணவி ஆய்வுகூட வாசலில் நின்றபோதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கிழக்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, விடிய முன்னம் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கி, அறைக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது, சிரிப்பு மட்டும் குறையவில்லை. பெட்டிக்குள் ஐந்து சின்னப் போத்தல்கள். வெந்நீரூற்று ஒன்றின் பாசி, சேறு, வாய்க்கால் ஓரத்தில் சுரண்டிய வழுவழுப்பு, எல்லாம் ஐஸ்கட்டிக்கு நடுவில் கிடந்தன.

“சுடுதண்ணியிலை கிடக்கிற சீவனை ஐஸிலை போட்டா என்ன ஆகும் பிள்ளை?”

“மண் சாம்பிள் எல்லாம் ஐஸிலைதானே அக்கா கொண்டு வாறது?”

அவள் பழக்கத்தைத்தான் செய்தாள். நீரில் பக்டீரியா எண்ணுகிறவர்களுக்கு ஐஸ் பெட்டி சரி. குளிர் நாட்டுக் கைநூல்களும் மண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் வை என்றுதான் சொல்லும். நாங்கள் தேடுவது உருளைப்புழுக்களை, நெமற்றோடு எனப்படும் நூல் போன்ற நுண்புழுக்களை. எங்கள் வெப்பவலய மண்ணில் வாழும் உருளைப்புழுக்களுக்கு 4 பாகைக் குளிர் ஆகாது. வடிகட்டிப் பிடிக்கும்போது அசையாத புழு எதுவும் கைக்கு வராது. சாதாரண தோட்டத்து மண்ணுக்கே இந்த நிலை என்றால், வெந்நீரில் எடுத்ததற்குச் சொல்லத் தேவையில்லை.

நல்ல காலம், பெட்டியில் இடம் போதாமல் இரண்டு போத்தல்களைத் துவாயில் சுற்றித் தோள்பையின் பக்கப் பைக்குள் வைத்திருந்தாள். இந்த ஆய்வு முழுவதும் அந்த இரண்டு போத்தல்களில் ஆரம்பித்ததுதான். எந்த ஊற்று என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, வேலை முடியவில்லை. திருகோணமலைக் கன்னியா அல்ல என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெந்நீரூற்று என்றதும் எல்லோரும் அங்கேதான் போவார்கள்.

ஏன் வெந்நீரூற்று

எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீரூற்று எப்படி என்று சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். கன்னியாவுக்குப் போனது அம்மப்பாவின் அந்தியேட்டிக்கு. ஏழு கிணறுகள், கிணற்றுக்கொரு சூடு, வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய நிலத்தில் குத்தினான், நீர் பீறிட்டது என்று ஐயர் சொன்ன கதை அப்போது போதுமாக இருந்தது. பின்னர் படித்தது இது: மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூடக் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறும். அங்கே சூடான நீர், ஆற முன்னம் வேறொரு வெடிப்பால் மேலே வந்துவிடுகிறது. கன்னியா, மகாஓயா, வகாவ, மகாபெலெஸ்ஸ என்று நம் ஊற்றுகள் பெரும்பாலும், உயர்நிலப் பாறைத் தொகுதியும் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டியே கிடக்கின்றன. மகாஓயாவில் சூடு 50 பாகையைத் தாண்டும்.

அந்த 50 சும்மா ஒரு எண் இல்லை. பக்டீரியாக்கள் 100 பாகைக்கு அருகிலும் வாழும். பல கலங்களால் ஆன விலங்கு ஒன்று 50 பாகைக்கு மேலே பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, வாழ்க்கைச் சுற்றை முடித்ததாக உறுதியான சான்று இல்லை. ஆகவே 40க்கும் 50க்கும் இடைப்பட்ட ஊற்று என்பது விலங்கு வாழ்க்கையின் வேலியோரம். அந்த வேலியோரத்தில் யாராவது நின்றால், பெரும்பாலும் உருளைப்புழுவாகத்தான் இருக்கும். 1926இலேயே ஹெப்லி என்பவர் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரில் வாழும் உருளைப்புழுக்களைப் பற்றி எழுதிவிட்டார். 60 பாகையைத் தாண்டிய நீரில் புழு கிடைத்தது என்ற பழைய பதிவுகளும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது எனக்கு எழுகிற கேள்வியைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

புனல்

புழுவைப் பாசியிலிருந்து பிரிக்க நாங்கள் வைத்திருப்பது பேர்மான் புனல். இன்றைய இந்தோனேசியாவில் வேலை செய்த பேர்மான் என்ற மருத்துவர், மண்ணில் கொளுக்கிப்புழுக் குடம்பிகளைத் தேடுவதற்காக 1917இல் சொல்லிக் கொடுத்த முறை. நூறு வருடம் கடந்தும் இதைவிட மலிவாக ஒன்றை எவரும் கொண்டுவரவில்லை. புறக்கோட்டையில் வாங்கிய பிளாஸ்ரிக் புனல், அதன் வாலில் ஒரு சாண் இறப்பர் குழாய், குழாயை நசுக்கிப் பிடிக்க ஒரு கிளிப். மேலே தேத்தண்ணி வடி, வடிக்குள் டிஷ்யூ, டிஷ்யூவில் பாசி. தண்ணீர் பாசியைத் தொடும் அளவுக்கு நிற்க வேண்டும். புழு நெளிந்து நெளிந்து டிஷ்யூவைத் தாண்டிவிடும், ஆனால் நீந்தி மேலே ஏற அதற்கு வராது. நெளிந்தபடியே கீழே போய்க் கிளிப்புக்கு மேலே தேங்கும். மறுநாள் காலை கிளிப்பை ஒரு கணம் திறந்தால் முதல் சில துளிகளிலேயே எல்லாம் வந்துவிடும்.

ஏழு போத்தல்களுக்கு ஏழு புனல் வைத்தோம். எட்டாவதையும் வைக்கச் சொன்னேன்: வெறும் டிஷ்யூ, எங்கள் குழாய்த் தண்ணீர், வேறெதுவும் இல்லை. “ஏன் அக்கா, சும்மா ஒரு புனல்?” என்றாள். இறப்பர் குழாயின் உள்மடிப்பில் போன மாதத்து மரக்கறித் தோட்டத்துப் புழு ஒட்டிக்கொண்டிருக்கலாம், தண்ணீர்த் தாங்கியிலும் இருக்கலாம். கொழும்புப் புழுவுக்கு வெந்நீரூற்றுப் பெயர் வைத்த பெருமை நமக்கு வேண்டாம்.

காலையில் ஐஸ் போத்தல்கள் ஐந்திலும் ஒன்றும் அசையவில்லை. வெறும் புனல் வெறும் புனலாகவே இருந்தது. பைக்குள் வந்த இரண்டிலும் புழு! கிண்ணத்தின் அடியில் நூல் துணுக்குகள் போல, வெள்ளைக்கும் நிறமின்மைக்கும் நடுவில் ஒரு சாயலோடு அடித்துப் புரண்டுகொண்டிருந்தன.

ஒரு புழுவைத் தூக்குவது தனிக் கலை. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு கண்மயிரை ஒட்டி வைத்திருப்போம். ஊசி குத்தும், தூரிகை நனைத்துக் குழப்பும், கண்மயிர் இரண்டும் செய்யாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபடியே மயிரைப் புழுவின் வயிற்றுக்கடியில் நுழைத்து, நீர்மட்டம் வரை மெல்லத் தூக்கி, மேற்பரப்பு இழுத்துப் பிடிக்கிற அந்த இடத்தில் ஒரு சுண்டு. பத்தில் ஏழு தடவை விழுந்துவிடும். என் கண்மயிர்களில் பாதி இந்த ஆய்வுகூடத்துக் குச்சிகளில்தான் இருக்கின்றன என்று வீட்டில் கேலி செய்வார்கள். மாணவி முதல் நாள் அழாத குறை, மூன்றாம் நாள் என்னைவிட வேகம்.

பார்த்தவரை வாய்க்குழி முன்னால் அகன்று பின்னால் ஒடுங்கியது. உணவுக்குழல் உருளையாக ஓடி, கழுத்துப்போல் மெலிந்து, முடிவில் வால்வுள்ள குமிழாகப் பருத்தது. சூலகம் ஒன்றுதான், அதுவும் முன்னோக்கிப் போய் மடிந்து திரும்புவது. பக்டீரியாவைத் தின்று வாழும் பனக்ரோலைமஸ் பேரினத்துக்கு நெருக்கம் என்று எழுதிக்கொண்டோம். அகப்பட்டவை எல்லாம் பெண். ஆண் ஒன்றுகூட இல்லை.

அகலம்

இரண்டு கிழமை கழித்து அவள் ஒரு தாளோடு வந்தாள்.

“அக்கா, இது புதுசு.”

தாளில் டி மான் விகிதங்கள். ஒல்லாந்துக்காரரான டி மான் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த கணக்கு இது. உடல் நீளத்தை அகலத்தால் பிரித்தால் a, உணவுக்குழல் நீளத்தால் பிரித்தால் b, வால் நீளத்தால் பிரித்தால் c. பெண்குறித் துளை தலையிலிருந்து எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்பது V. புழுவுக்குக் காலும் இல்லை, நிறமும் இல்லை, கொம்பும் இல்லை. ஆகவே ஆளை ஆள் பிரித்தறிய இந்த எண்களைத்தான் அதிகம் நம்புகிறோம். அவள் காட்டிய புழு 640 மைக்ரோமீற்றர் நீளம், 34 அகலம். a என்பது 18.8. அவள் ஒப்பிட்ட விவரணைகளில் இருந்த புழுக்கள் இதைவிட மெலிந்தவை. b, c, V மூன்றும் ஒத்துப்போயின. ஒதுங்கி நின்றது அகலம் மட்டும்.

ஸ்லைட்டை வாங்கிப் பார்த்தேன். புழு நன்றாக இருந்தது, அளவுக்கு மிஞ்சி நன்றாகவே இருந்தது. ஒரே குவியத்தில் இரண்டு பக்கத் தோலும் தெரிந்தது. உருண்ட உடம்பில் அப்படித் தெரியக்கூடாது, ஒரு பக்கம் தெளிந்தால் மறுபக்கம் மங்க வேண்டும். கவர் ஸ்லிப்பின் பாரத்தில் புழு சப்பையாகிக் கிடந்தது. தோசைக்கு மா வார்த்த மாதிரி நீளம் அப்படியே இருக்க, அகலம் பரந்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் பழையது. புழுவின் தடிப்புக்குச் சமமான கண்ணாடி இழைத் துண்டுகள் மூன்றை முக்கோணமாகப் புழுவைச் சுற்றி வைத்தால் கவர் ஸ்லிப் அவற்றின்மேல் நிற்கும், புழுவை அழுத்தாது. மெழுகு வளையமும் அதே வேலையைச் செய்யும். புழுவைக் கொல்வதிலும் ஒரு பாடம் இருந்தது. அவள் குளிர்ந்த போமலினைத் துளித்துளியாக விட்டிருந்தாள். புழு நொந்து சுருண்டு இறந்திருந்தது. சூடாக்கிய போமலினைச் சட்டென்று ஊற்றினால் இவ்வகைப் புழு ஒரே கணத்தில் ஈர்க்குப்போல நிமிர்ந்து நிற்கும், வளைவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. வெந்நீரூற்றுப் புழுவை வெந்நீரால் கொல்கிறோம் என்று அவள் சிரித்தாள்.

திரும்பச் செய்தோம். அதே 640 நீளத்தில் ஒரு புழு: அகலம் 26, a 24.6. உணவுக்குழல் 128, ஆகவே b 5.0. வால் 45, c 14.2. துளை 378இல், V 59. மற்றப் புழுக்களும் இதைச் சுற்றியே வந்தன. புதுமையின் முதல் தூண் ஒரு கவர் ஸ்லிப்போடு சரிந்தது.

அவளை நான் குறை சொல்லமாட்டேன். அச்சான விவரணைகளிலேயே சப்பையான புழுவின் படங்களைக் கண்டிருக்கிறேன்.

சூடு

இரண்டாவது தூண் வெப்பநிலை. போத்தல் லேபிளில் 43 பாகை என்று இருந்தது. 43 பாகையில் வாழ்ந்து பெருகும் புழு என்றால் உருவம் எதை ஒத்திருந்தாலும் கவனிக்க வேண்டியதுதான்.

“வெப்பமானியை எங்கை வைச்சனீர்?”

“கிணத்துக்குள்ளை அக்கா.”

“பாசி?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “வாய்க்கால்ல. கிணத்தில ஆக்கள் குளிச்சுக்கொண்டு நிண்டவை.”

கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நாலு மீற்றர் தூரம். அனுமதிக் கடிதத்தைப் புதுப்பிக்க ஒரு மாதத்துக்கு மேல் அலைந்து, அடுத்த பயணத்துக்கு நானும் போனேன். நூல் தடிப்பில் நுனியுள்ள ஒரு வெப்ப உணரியை இரவல் வாங்கிக்கொண்டோம். அன்றைய மத்தியானத்தை இன்னும் மறக்கவில்லை. கிணற்றில் 43, அவள் அளந்தது சரி. வாய்க்காலின் நடு ஓட்டத்தில் 37. சீமெந்து விளிம்பில் ஒட்டிக்கிடந்த ஒரு மருதமிலையைத் தூக்காமல், உணரியின் நுனியை மட்டும் அதன் அடியில் செருகினேன். 33. ஓட்டத்துக்கும் இலைக்கும் இரண்டு விரல் தூரம் இருக்காது. இலைக்குக் கீழே பச்சையும் மண்ணிறமுமாகப் படிந்திருந்த அந்தப் படலத்தைத்தான் அவள் முதல் தடவையும் சுரண்டியிருந்தாள்.

மூன்று போத்தல் கிணற்றுச் சுவரிலிருந்து, மூன்று ஓட்டத்திலிருந்து, மூன்று இலையடியிலிருந்து எடுத்தோம். இந்தத் தடவை எல்லாம் துவாயில் சுற்றி மடியிலேயே வந்தன. புனல் சொன்ன விடை: கிணற்றில் ஒன்றும் இல்லை, ஓட்டத்தில் அங்கொன்று இங்கொன்று, இலையடியில் கூட்டம். மூன்று போத்தலில் இல்லை என்பதால் கிணற்றில் புழுவே இல்லை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் 43 என்ற லேபிள் கிழித்துப் போடப்பட்டது.

இந்த இடத்தில் மெபிஸ்டோவைச் சொல்லாமல் போக முடியாது. தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் போர்கோனியும் ஒன்ஸ்டொட்டும் குழுவினரும் கண்டு, 2011இல் நேச்சர் இதழில் அறிவித்த ஹலிசெபலோபஸ் மெபிஸ்டோ. அரை மில்லிமீற்றர்ப் புழு, 1.3 கிலோமீற்றர் ஆழத்துப் பாறை வெடிப்பு நீரில் கிடைத்தது. ஒளியை வெறுக்கும் மெபிஸ்டோபிலிஸின் பெயர் அதற்கு. செய்திகளில் எல்லோரும் ஆழத்தையே எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் பட்ட சந்தேகம். சுரங்கத்துக்குள் வேலைக்காக மேலிருந்து தண்ணீர் கொண்டுபோகிறார்கள். புழு அதில் வந்திருக்கலாமே? அந்தத் தண்ணீரையும் தேடிப் பார்த்தார்கள், புழு இல்லை. வெடிப்பு நீரின் வயதைக் காபன் 14 கொண்டு பார்த்தார்கள்: 3,000 முதல் 12,000 ஆண்டுகள். புழு ஆழத்துப் பக்டீரியாவை விரும்பித் தின்கிறதா என்று பார்த்தார்கள், விரும்பியது. உயர்ந்த வெப்பத்தில் வளர்த்தும் பார்த்தார்கள், வளர்ந்தது. நாங்கள் வைத்த எட்டாவது புனலுக்கு அண்ணன்மார் இவை.

எங்களிடம் காபனும் இல்லை, சுரங்கமும் இல்லை. வெப்பக்கூடு இருந்தது. பக்டீரியா பரப்பிய ஏகர் கிண்ணங்களை 30, 34, 38, 41 பாகைகளில் வைத்தோம். முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போய்விட்டது. திங்கள் காலை நாலு கூடும் ஒரே சூட்டில் இருந்தன. பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினோம். 30இல் ஒரு கிழமைக்குள் குஞ்சும் குருமனுமாகக் கிண்ணம் நிறைந்தது. 34இலும் குறைவில்லை. 38இல் தாய்ப்புழு நடமாடியது, முட்டையும் இட்டது, முட்டை பொரிக்கவில்லை. 41இல் மறுநாள் காலை எல்லாம் நேராகக் கிடந்தன.

ஆக, இது சூட்டைப் பொறுக்கும் புழுதான், ஆனால் கிணற்றுச் சூட்டில் குடும்பம் நடத்தும் புழு என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. வெந்நீர் ஓடும் வாய்க்காலின் ஆறிய ஓரத்தில் இருந்துகொண்டு ‘வெந்நீரூற்றுப் புழு’ என்ற பெயரை எடுக்கப் பார்த்தது.

பெயர் என்றால் என்ன வேண்டும்

மாணவி விடவில்லை. சூடு இல்லாவிட்டால் என்ன, இனம் புதிதாக இருக்கலாமே? கேள்வி நியாயம். உலகில் இதுவரை பெயர் வைத்த உருளைப்புழு இனங்கள் 30,000 அளவில்தான் இருக்கும். பெயரில்லாதவை அதைப்போல் பல மடங்கு. வாய்க்காலிலிருந்து ஒரு கரண்டிச் சேறு எடுத்தால் பெயரில்லாத ஒன்று வருவதில் ஆச்சரியம் இல்லை. பெயரில்லாதது என்று காட்டுவதுதான் வேலை.

ஆண் இல்லாதது இங்கே பெரிய இடைஞ்சல். பல உருளைப்புழு இனங்களை ஆணின் வால்பகுதியை வைத்துத்தான் உறுதியாகப் பிரிப்பார்கள். கலவி ஊசிகளின் வடிவம், வாலடியில் இருக்கும் சிறு முகிழ்களின் ஒழுங்கு என்று அங்கேதான் அடையாளம் குவிந்திருக்கும். ஆண் தவறிப்போனதா, இல்லவே இல்லையா என்று பார்க்க, பருவமடையாத இளம்புழு ஒன்றைத் தனியே ஒரு கிண்ணத்தில் விட்டோம். துணையில்லாமல் வளர்ந்தது, முட்டையிட்டது, பொரித்தவை எல்லாம் பெண்ணாகவே வளர்ந்தன. அடுத்த தலைமுறையும் அப்படியே. பனக்ரோலைமஸில் இப்படி ஆணில்லாமல் பெருகும் குலங்கள் ஏற்கெனவே தெரிந்தவை. ஆணும் பெண்ணும் உள்ள புழுவென்றால் இரண்டு கூட்டத்தைக் கலந்துவிட்டு, பிள்ளை பிறக்கிறதா, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கிறதா என்று பார்த்து இன எல்லையைச் சோதிக்கலாம். இங்கே அந்தக் கதவு மூடியிருக்கிறது. மிஞ்சுவது உருவமும் டி.என்.ஏயும்தான்.

உருவத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வேறுபாடு கவர் ஸ்லிப்போடு போய்விட்டது. டி.என்.ஏக்கு ஒற்றைப் புழுவைக் கரைத்து, 18எஸ் மரபணுத் துண்டை பி.சி.ஆரில் பெருக்கி, வாசிக்க அனுப்பினோம். வந்த வரிசையைப் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் தேடினால், மேலே வந்தவற்றில் பல ‘பனக்ரோலைமஸ், இனம் தெரியாது’. பெயர் தெரியாத ஒருவருக்குப் பெயர் தெரியாத இன்னொருவர் சாட்சி. தவிர 18எஸ் மிக மெதுவாக மாறுகிற பகுதி. பேரினம் வரை கூட்டிக்கொண்டுபோகும், அதற்குமேல் கைவிட்டுவிடும். 28எஸ் என்ற இன்னொரு மரபணுவின் டி2–டி3 பகுதியும் வேண்டும், மைற்றோகொண்டிரியத் துண்டும் வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும்.

இதெல்லாம் கைகூடினாலும் சட்டம் இருக்கிறது. விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதிக்கோவைப்படி, 1999க்குப் பின் வைக்கும் இனப் பெயருக்குப் பெயர் தாங்கும் மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறித்தாக வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். நம் வேலையில் அது கிளிசரினில் கிடக்கும் அரை மில்லிமீற்றர்ப் புழு ஒன்று, கண்ணாடித் துண்டின் நடுவில் ஒரு கீறல். நூறு வருடம் கழித்துச் சந்தேகப்படுகிற ஒருவர் வந்து கேட்கும்போது அந்தக் கீறலை எடுத்துக் கொடுக்க ஒரு அலுமாரியும் அதற்குச் சாவி வைத்திருக்கும் ஆளும் வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதென்றால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் சேரும்.

அவசரமில்லாமல் செய்தவர்களுக்கும் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவின் மோனோ ஏரி கடலைவிட உப்பு, ஆர்சனிக்கும் நிறைந்தது. அதில் எட்டு உருளைப்புழு இனங்கள் இருப்பதாக 2019இல் அறிவித்தார்கள். அவற்றில் விசேடமான ஒன்று, மூன்று பால்வகை கொண்டது, குட்டி போடுவது. அப்போது அதற்குப் பேரினப் பெயர் மட்டும் சொல்லி நிறுத்தினார்கள். 2021இல்தான் டோகோராப்டிடிஸ் டுஃபே என்று முழுப்பெயர் வந்தது, அதுவும் பேரினத்தையே மாற்றி. பெயரில்லாமல் இரண்டு வருடம் இருந்ததால் அந்தப் புழுவுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மாணவியிடம் ஒரு பெயர் இருந்தது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததை நான் தற்செயலாகக் கண்டேன். அவளுடைய அம்மம்மாவின் பெயர், இலத்தீன் பெண்பால் விகுதியோடு. ஊற்றடிக்கு முதன்முதல் கூட்டிப்போனது அம்மம்மாதானாம். ஆளின் பெயரை வைப்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு: மலையகத் தேயிலை வேரை அரிக்கும் பிராட்டிலெங்கஸ் லூசி, தேயிலைப் புழுக்களோடு காலம் கழித்த லூஸின் பெயரால் 1960இல் லூஃப் வைத்தது. பென்சிலை அழிக்கச் சொல்லவில்லை. பென்சில் எழுத்துக்கு விதிக்கோவையில் மதிப்பில்லை.

இப்போதைய நிலை

அறிக்கையில் ‘பனக்ரோலைமஸ், இனம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதினோம். மேற்பார்வையாளர் ஒருவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ‘புது இனம்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் இதழ்க்காரர் கதவு திறப்பார்கள் என்பது அவர் அனுபவம். அனுபவம் பொய்யில்லை. ஆனாலும் ஸ்லைட்டுகளைச் செய்த கை என்னுடையது. எது சப்பை, எது உருண்டை என்று எனக்குத் தெரியும்.

போன கிழமை அவள்தான் கேட்டாள். “அக்கா, 34 பாகை எண்டா கொழும்பிலயும் அந்தச் சூடு வருமே?” வரும். ஏப்ரல் மத்தியானத்தில் எங்கள் தாழ்வாரத்துப் பூச்சாடி மண் அதைச் சுலபமாகத் தொடும். வாசலில் நிற்கும் குரோட்டனின் அடியிலிருந்து ஒரு கரண்டி மண்ணும் உக்கிய இலையும் எடுத்துப் புனலில் போட்டாள். பக்கத்தில் வெறும் புனல் ஒன்றையும், நான் சொல்ல முன்னமே, வைத்தாள்.

காலையில் கிளிப்பைத் திறந்ததும் வந்த துளியில் பல வகைப் புழுக்கள். அவற்றுக்கிடையில் வாய்க்குழி முன்னால் அகன்று பின்னால் ஒடுங்கிய, குமிழில் வால்வுள்ள, வயிற்றில் முட்டையோடு நாலைந்து பெண்புழுக்கள். சூடான போமலினில் நிமிர்த்தி, மூன்று கண்ணாடி இழைகளுக்கு நடுவில் படுக்க வைத்து அளந்தோம். விகிதங்கள் வாய்க்கால் புழுவின் விகிதங்களோடு தோள் உரசி நிற்கின்றன. அதே இனமா, அயலவரா என்பதை டி2–டி3 வந்தால்தான் பேசலாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து அவள் லேபிள் எழுதினாள். திகதி, தன் பெயர், ‘குரோட்டன் சாடி, ஆய்வுகூட வாசல்’. கீழே சின்ன எழுத்தில்: ‘31 பாகை. வெப்பமானி மண்ணுக்குள், ஒரு விரல் ஆழம், புழு எடுத்த அதே இடம்.’